பழைய லாரிகளை ஓட்டியவர்கள் ஏன் அவற்றை மறக்க மாட்டேன் என்கிறார்கள்?

தம் தந்தை வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர் என்றும், குளிர்சாதனக் கேபினும் பவர் ஸ்டியரிங்கும் உள்ள புதிய வண்டி ஒன்றில் அவரை ஏற்றிச் சென்றபோதும் அவர் மனம் அதில் ஒட்டாமல் பழைய லேலண்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார் என்றும், இது உண்மையிலேயே அந்த வண்டிகளின் தரமா அல்லது முதுமையில் எல்லோருக்கும் வரும் ஏக்கமா என்றும் ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பழைய வண்டி நல்ல வண்டியா என்பது ஒன்று. அதை ஓட்டியவருக்கு அதன்மேல் இவ்வளவு பிரியம் வரக் காரணம் என்ன என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு என் பதில், பெரும்பாலான வகைகளில் இல்லை என்பதுதான். இரண்டாவது கேள்விக்கான காரணங்கள் இயந்திரத்தைத் தொட்டே சொல்லக்கூடியவை. வெறும் ஏக்கம் என்று அவற்றைத் தள்ளிவிட முடியாது. உங்கள் தந்தை நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் தம் கை, கால், காது ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த ஒரு வேலையை என்பது என் கருத்து. அந்த வேலை என்ன என்பதை விளக்கினால்தான் அந்தப் பிரியம் புரியும்.

நான் ஆட்டோமொபைல் பட்டயம் படித்து, நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரப் பட்டறைகளில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். பிறகு கனரக வண்டி ஓட்டப் பழகுவோருக்குக் கற்றுக்கொடுத்தவன். ஆகவே நான் சொல்வது தென்னிந்தியச் சாலைகளில் ஓடிய லேலண்ட், டாடா வண்டிகளையும் அவற்றை ஓட்டியவர்களையும் பற்றியது. இமாலயப் பாதைகளிலோ சுரங்கங்களிலோ ஓட்டியவர்கள் வேறு அனுபவங்களைச் சொல்லக்கூடும். அவற்றை அவர்கள் சொல்வதே முறை.

எந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். சென்னை எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டது. பிரிட்டனின் லேலண்ட் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பங்கேற்புக்குப் பின் 1955-இல் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. அங்கிருந்து வந்த காமெட் வண்டிதான் தெற்கத்தி ஓட்டுநர்களில் மூத்த தலைமுறையின் செல்லப்பிள்ளை. ஜாம்ஷெட்பூரில் டாடா நிறுவனம் 1954-இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு லாரி கட்டத் தொடங்கியது. 1969-இல் அந்த ஒப்பந்தம் முடிந்து முகப்பிலிருந்து பென்ஸின் நட்சத்திரச் சின்னம் போன பிறகும் நம் ஊர்களில் அதை ‘பென்ஸ் லாரி’ என்றே நெடுநாள் சொன்னார்கள். டாடாவின் 1210 என்ற எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் சுமையோடு சேர்த்து வண்டியின் மொத்த எடை ஏறத்தாழ 12 டன் என்பதையும், அடுத்த இரண்டு இலக்கங்கள் இயந்திரத்தின் ஆற்றல் ஏறத்தாழ 100 குதிரைத்திறன் என்பதையும் குறிக்கும். லேலண்டின் 370, 400 என்ற இயந்திரப் பெயர்கள் கன அங்குலத்தில் கொள்ளளவைச் சொல்பவை. 400 என்றால் ஏறக்குறைய ஆறரை லிட்டர். ஒரு டன்னுக்கு எட்டுக் குதிரைத்திறன் என்ற அளவில்தான் 1210 மலை ஏறியது. எடை ஏட்டில் உள்ளபடி இருந்தால்தான் அந்தக் கணக்கும் பொருந்தும். அன்று அப்படி ஏற்றியவர்கள் குறைவு. இந்தப் பற்றாக்குறையை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் எளிதில் விளங்கும், ஏனென்றால் இயந்திரத்திடம் இல்லாததை ஓட்டுநர் தம் திறமையால் ஈடுகட்ட வேண்டியிருந்தது.

அந்தத் திறமையின் நடுநாயகம் கியர். இன்றைய கார் ஓட்டுபவர்களுக்குக் கிளட்ச்சை அழுத்திக் கியரைத் தள்ளினால் போதும். உள்ளே இருக்கும் சின்க்ரோமெஷ் வளையம் உராய்ந்து உராய்ந்து இரண்டு பாகங்களின் வேகத்தையும் சமமாக்கிய பிறகு பற்களைப் பொருத்திவிடும். காமெட் போன்ற வண்டிகளின் கியர்பெட்டியில் அந்த வளையம் கிடையாது. சுழலும் அச்சின் வேகமும் சுழலும் பல்சக்கரத்தின் வேகமும் ஒன்றாகும் அந்தக் கணத்தை ஓட்டுநர்தான் கண்டுபிடிக்க வேண்டும். கிளட்ச்சை அழுத்தி, எந்தக் கியரும் விழாத நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்ச்சை விட்டு, மேல் கியருக்குப் போவதென்றால் இயந்திரத்தின் வேகம் தானாக இறங்கும்வரை காத்திருந்து, கீழ் கியருக்கு வருவதென்றால் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து வேகத்தை ஏற்றி, மறுபடியும் கிளட்ச்சை அழுத்திக் கியரைப் போட வேண்டும். இதைத்தான் டபுள் கிளட்ச் என்பார்கள். எவ்வளவு மிதிப்பது, எவ்வளவு காத்திருப்பது என்பதற்கு அட்டவணை இல்லை. அது வேகத்தையும் பாரத்தையும் ஏற்றத்தையும் பொறுத்து ஒவ்வொரு முறையும் மாறும். அந்த வண்டிகள் பலவற்றில் இயந்திரச் சுழற்சியைக் காட்டும் மானியும் இல்லை. காதால் கேட்டுத்தான் செய்ய வேண்டும். சரியாக அமைந்தால் கியர் கம்பி இரண்டு விரலுக்கு வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். தவறினால் பல் அரைக்கும் ஓசை தெருவுக்கே கேட்கும். பக்கத்தில் இருக்கும் கிளீனர் பையன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

ஒரு நாளில் எத்தனையோ தடவை செய்யும் இந்தச் செயல் ஒவ்வொரு முறையும் சரியாகவோ தவறாகவோ முடிந்து, அதன் முடிவை உள்ளங்கையிலேயே உடனே சொல்லிவிடும். எந்தக் கைத்தொழிலிலும் மனிதருக்கு நிறைவைத் தருவது இதுதான். நல்ல தச்சர் இழைப்புளி ஓடும் ஓசையிலேயே மரத்தின் இழையோட்டத்தை அறிவதைப் போன்ற ஓர் அறிவு இது. வயதான ஓட்டுநர் ஒருவரிடம் கியர் மாற்றுவது எப்படி என்று கேட்டுப் பாருங்கள். வாயால் சொல்வதற்கு முன்பே அவர் இடது காலும் கையும் அசையத் தொடங்கிவிடும். உடம்பில் இவ்வளவு ஆழமாகப் பதிந்த ஒன்றை நினைக்கும்போது மகிழ்ச்சி வருவது இயல்பே.

மலைப்பாதையில் இந்தத் திறமைக்கு உயிரே பணயம். சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகும் வழியில் திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பாரம் ஏற்றிய பழைய வண்டி அங்கே முதல் கியரில் ஆள் நடக்கும் வேகத்தில்தான் ஏறும். கிளீனர் கீழே இறங்கி, கையில் முட்டுக்கட்டையோடு பின்சக்கரத்தை ஒட்டியே நடந்து வருவான். வண்டி திணறி நின்றால் அது பின்னால் உருளுவதற்குள் கட்டையைப் போட்டாக வேண்டும். இறங்கும்போது இதைவிட ஆபத்து. கீழ் கியருக்கு வரும் முயற்சி ஒரு முறை தவறினால் வண்டி நியூட்ரலில் ஓடத் தொடங்கும். வேகம் ஏற ஏற மறுபடி கியர் விழும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். பிறகு எல்லாம் பிரேக்கின் கையில். எனவேதான் ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும் என்பதை மூத்த ஓட்டுநர்கள் சட்டம்போல் சொல்லிக் கொடுத்தார்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துக்கொண்டு, இயந்திரத்தின் இழுப்பில் வண்டியைத் தொங்கவிட்டபடி இறக்கி, பிரேக்கைத் தேவையான இடத்தில் மட்டும் தொட்டு விடுவார்கள். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர் கணவாயில் இன்றும் நடக்கும் விபத்துகளைப் பார்க்கும்போது, வண்டி மாறினாலும் இந்தப் பாடம் மாறவில்லை என்பது தெரிகிறது. டீசல் மிச்சம் என்று நம்பி நியூட்ரலில் இறக்குவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். வண்டி கியரில் இருக்க, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கும்போது, பழைய டீசல் பம்பில் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னரும் சரி, இன்றைய கணினியும் சரி, டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இயந்திரம் அணையாமலிருக்க டீசல் செலவாகும். ஆக அந்தப் பழக்கத்தில் மிச்சமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

ஸ்டியரிங்கைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அந்தச் சக்கரம் ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்றால், உதவிக்கு எண்ணெய் அழுத்தம் எதுவும் இல்லாமல் மனிதத் தோளின் பலத்தால் மட்டுமே முன் அச்சைத் திருப்ப வேண்டியிருந்தது. நின்ற இடத்தில் திருப்ப முயன்றால் தோள்பட்டை போய்விடும். வண்டி ஓரங்குலமாவது உருளத் தொடங்கிய பிறகுதான் திருப்ப வேண்டும் என்பதும், வளைவு முடியும்போது சக்கரம் தானாகத் திரும்பி வரும், அதைப் பிடித்து நிறுத்தாமல் உள்ளங்கைக்குள் ஓடவிட வேண்டும் என்பதும் முதல் பாடங்கள். கட்டை விரலை வளையத்துக்குள் நுழைக்காமல் வெளியே, மேல்விளிம்பில் வைத்துக்கொள்ளும்படி சொல்வார்கள். முன்சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் சட்டெனத் திரும்பி உள்ளே இருக்கும் விரலை முறித்துவிடும். இன்றும் பல பெரியவர்கள் கார் ஓட்டும்போது கட்டை விரலை அப்படி வைத்திருப்பதைக் காணலாம். இந்தக் கடினத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. சாலையின் ஒவ்வொரு மேடும், சேறும், மணலும், முன் டயரில் காற்று குறைவதும் அந்த வளையத்தின் வழியாகக் கைக்கு வந்து சேர்ந்தன. புதிய வண்டியில் உங்கள் தந்தைக்கு மனம் ஒட்டாததற்கு இதுவே பெரிய காரணமாக இருக்கலாம். பவர் ஸ்டியரிங் பளுவை எடுத்துக்கொள்ளும்போது கைக்கு வரும் செய்தியையும் ஓரளவு எடுத்துக்கொள்கிறது. பளுவோடு வளர்ந்த கைக்கு அந்த இலேசு வெறுமையாகத் தோன்றும்.

காதும் மூக்கும் அப்படியே வேலை செய்தன. இயந்திரத்துக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் ஒன்று சரியாக வேலை செய்யாவிட்டால் இயந்திரத்தின் தாளத்தில் ஓர் அடி விடுபடும். பின் அச்சின் கூடான ஹவுசிங்கில் உள்ள கிரவுன் என்ற பல்சக்கரம் தேய்ந்தால் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு ஊளையும் விடும்போது வேறொரு ஊளையும் கேட்கும். பிரேக் லைனிங் சூடேறினால் ஒரு நெடி, கிளட்ச் தட்டு வழுக்கினால் வேறு நெடி. வண்டியை ஓரம் கட்டியதும் கிளீனர் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டு வருவான். காற்றுள்ள டயருக்கும் இறங்கிய டயருக்கும் உள்ள ஓசை வேறுபாட்டைக் கேபினில் இருந்தபடியே ஓட்டுநர் கேட்டுவிடுவார். பட்டறைக்கு வரும் பழைய ஓட்டுநர் என்ன கோளாறு என்பதைப் பெரும்பாலும் சரியாகவே சொல்லிக்கொண்டு வருவார். நாங்கள் கழற்றிப் பார்த்து உறுதிப்படுத்துவதே மிச்ச வேலையாக இருக்கும்.

கோளாறை அறிந்ததோடு நிற்காமல், சாலையோரத்தில் தாமே சரிசெய்துகொண்டு கிளம்பும் வல்லமையும் அவர்களுக்கு இருந்தது. அதற்கு இயந்திரமும் இடம் கொடுத்தது. அன்றைய டீசல் இயந்திரத்தில் டீசலை அனுப்ப பெங்களூர் மைக்கோ நிறுவனத்தின் வரிசைப் பம்பு இருக்கும்; ஒரு முறை கிளம்பிவிட்டால் அது ஓட மின்சாரமே தேவையில்லை. பேட்டரி செத்துப்போனாலும் இறக்கத்தில் தள்ளிக் கிளப்பி ஊர் போய்ச் சேரலாம். டீசல் குழாயில் காற்று புகுந்து இயந்திரம் நின்றால், பில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை விட்டுத் திருகை இறுக்கினால் வேலை முடிந்தது. டயர்கள் டியூபோடு கூடிய நைலான் டயர்கள். டிஸ்க்கில் அவற்றைப் பிடித்து வைப்பது ஓர் இரும்பு லாக் ரிங். கடப்பாரையும் சுத்தியலும் இருந்தால் ஓட்டுநரும் கிளீனருமே பஞ்சர் பார்த்துவிடுவார்கள். ஆனால் லாக் ரிங் சரியாக உட்காராமல் காற்றடித்தால் அது தெறித்து ஆளைக் கொல்லும். ரிங் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்துப் போட்டு, குறுக்கே கம்பி செருகிக் காற்றடிப்பது இதனால்தான். பி.எஸ்.6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி கட்டிய இன்றைய வண்டி 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தது. அதில் மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலை அனுப்பும் காமன் ரெயில் குழாயும், கணினியும், யூரியாக் கரைசலைத் தெளிக்கும் அமைப்பும் இருக்கின்றன. காற்று மாசு குறைந்ததற்கு இவையே காரணம். அது சிறிய நன்மையன்று. ஆனால் ஒரு சென்சார் பழுதானால் ஓட்டுநருக்குத் தெரிவது ஒரு விளக்கு மட்டுமே. வண்டி தன் ஆற்றலைத் தானே குறைத்துக்கொள்ளும். அவர் சர்வீஸ் ஆட்களுக்குத் தொலைபேசியில் அழைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு, எதையும் தாமே சமாளித்துப் பழகிய ஒருவருக்கு எப்படி இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வண்டியின் பிறப்பிலேயே ஓட்டுநருக்குப் பங்கிருந்ததையும் சொல்ல வேண்டும். அன்று ஆலையிலிருந்து லாரி முழு உருவத்தில் வராது. இயந்திரம், சேசிஸ் எனப்படும் அடிச்சட்டம், முன்முகப்பு இவ்வளவுதான். ஜாம்ஷெட்பூரிலிருந்து ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல், கதவும் கூரையும் இல்லாத சேசிஸில் பலகை இருக்கை ஒன்றைப் பொருத்திக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டி, கண்ணாடி போட்டுக்கொண்டு வெயிலிலும் மழையிலும் ஓட்டி வந்தவர்கள் உண்டு. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பாடி கட்டும் பட்டறைகளில் மரத்தாலும் தகட்டாலும் கேபின் கட்டும்போது ஓட்டுநர் பக்கத்திலேயே நிற்பார். இருக்கையின் உயரம், முதுகுச் சாய்வு, கண்ணாடியின் இடம், படுக்கைப் பலகையின் அகலம், சாமி படம் வைக்கும் மாடம் எல்லாம் அவர் உடலுக்கும் மனத்துக்கும் ஏற்ப அமைக்கப்படும். ஒருவருக்காகக் கட்டிய கேபினில் இன்னொருவர் ஏறினால் கால் எட்டாது. ஆகவே அந்த வண்டியைத் தம் வண்டி என்று அவர் சொல்லும்போது, பதிவுச் சான்றிதழில் முதலாளி பெயர் இருந்தாலும், அவர் பொய் சொல்லவில்லை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானதாக நான் கருதுவது, அந்த வண்டிகளோடு சேர்ந்திருந்த குரு-சீடர் முறையை. யாரும் நேராக ஓட்டுநர் ஆகவில்லை. முதலில் கிளீனர். வண்டி கழுவுவது, கிரீஸ் அடிப்பது, தார்ப்பாய் கட்டுவது, ஸ்டவ் பற்றவைத்துச் சாதம் வடிப்பது, பின்னால் நின்று ‘ரைட் ரைட்’, ‘ஓல்டேன்’ என்று குரல் கொடுத்து ரிவர்ஸ் எடுக்க உதவுவது என்று சில வருடம் போகும். பக்கத்தில் உட்கார்ந்து கியர் ஓசையைக் கேட்டுக் கேட்டுக் காது பழகிய பிறகு, ஏதாவது ஓர் இரவில், ஆளில்லாத நேர்ச்சாலையில், ‘வா, பிடி’ என்று அண்ணன் இருக்கையை விட்டு நகர்வார். மூத்த ஓட்டுநர்கள் பலரிடம் நான் கேட்ட கதைகளில் மிகத் தெளிவாக நினைவிருப்பது அந்த இரவுதான். எந்த ஊர் தாண்டி, என்ன லோடு, எந்த வண்டி என்பதுவரை சொல்வார்கள். இன்று பெரும்பாலான வண்டிகள் கிளீனர் இல்லாமல் ஒற்றை ஆளாக ஓடுகின்றன. கிளீனராக வர இளைஞர்கள் இல்லை. வந்தாலும் இரண்டாவது ஆளுக்குக் கூலி கொடுக்க வாடகை கட்டுப்படியாவதில்லை. கற்றுக்கொடுக்கும் அந்தச் சங்கிலி அறுந்ததை நான் பெரிய இழப்பாக நினைக்கிறேன். பயிற்சிப் பள்ளியில் சில வாரங்களில் நாங்கள் சொல்லிக் கொடுத்தவை அதற்கு ஈடாகவில்லை.

அதோடு சேர்ந்த மற்றொன்று சுதந்திரம். புக்கிங் ஆபீஸில் லோடு ஏற்றிக் கிளம்பினால், போய்ச் சேர்ந்து டிரங்க் கால் என்ற வெளியூர்த் தொலைபேசி அழைப்புப் போடும்வரை ஓட்டுநர்தான் அந்த வண்டிக்கு எல்லாம். எங்கே நிறுத்துவது, எங்கே குளிப்பது, எந்த வழியில் போவது என்பது அவர் முடிவு. இன்று ஜி.பி.எஸ். இருப்பதால் தேநீர்க் கடையில் பத்து நிமிடம் கூடுதலாக நின்றாலும் கைப்பேசி ஒலிக்கிறது. முதலாளியின் பக்கத்திலும் நியாயம் உண்டு; சரக்கும் டீசலும் திருட்டுப்போன காலத்தை அவர்களும் பார்த்தவர்கள். ஆனாலும் நம்பி ஒப்படைக்கப்பட்டதன் பெருமை ஒருவகை, கண்காணிக்கப்படுவதன் சலிப்பு வேறுவகை.

இதுவரை சொன்னவை அந்தப் பிரியத்துக்கான நியாயங்கள். இனி வண்டியின் தரத்தைப் பற்றி ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லக்கூடியவற்றுக்கு வருகிறேன். பிரேக்கில் பழைய வண்டி மிகவும் பின்தங்கியது. எண்ணெய் அழுத்தப் பிரேக் இருந்த பல பழைய வண்டிகளில் ஒரு குழாய் வெடித்தால் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. இன்றைய காற்றுப் பிரேக் அமைப்பில் காற்று போய்விட்டால் ஸ்பிரிங் தானாகவே பின்சக்கரங்களைப் பூட்டிவிடும். மூக்கு இல்லாத தட்டை முக வண்டிகளில் இயந்திரம் கேபினுக்குள்ளேயே இருந்ததால், கோடையில் இடது கால் வெந்துபோகும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயம் என்று மத்திய அரசு விதித்திருப்பதை நான் மனதார வரவேற்கிறேன். அது மிகத் தாமதமாக வந்த நீதி. நாளெல்லாம் உடம்பைக் குலுக்கும் அதிர்வு முதுகெலும்பைக் கெடுக்கும் என்பது மருத்துவம் உறுதிசெய்த ஒன்று. கனமான கிளட்ச்சால் இடது முழங்கால் தேய்ந்து, காதும் மந்தமாகி ஓய்வுபெற்றவர்களை நாமக்கல் பக்கம் எந்தத் தேநீர்க் கடையிலும் பார்க்கலாம். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று சொல்லியிருந்தும், நெடுந்தூர லாரிகளில் அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது.

ஓட்டுநர்கள் உறுதியாகச் சொன்னாலும் நான் தயக்கத்தோடு ஏற்பவை சில உண்டு. அந்தக் காலத்து இரும்பே வேறு, சேசிஸ் வளையவே வளையாது என்பது ஒன்று. சேசிஸ் தடிமனாக இருந்தது உண்மை. ஆனால் விரிசல் விட்ட சேசிஸ்களுக்குத் தகடு வைத்துத் தைப்பதும், உடைந்த ஸ்பிரிங் பட்டைகளை மாற்றுவதும் அன்றைய பட்டறைகளின் அன்றாட வேலை. இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளை மட்டும் பார்த்து முடிவு கட்டினால், பழைய இரும்பாக எடைக்குப் போன பெரும்பான்மை நம் கண்ணில் படுவதில்லை. பழைய வண்டி டீசல் குறைவாகக் குடித்தது என்பதும் அப்படியே. லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் என்ற எண் இரண்டு காலத்திலும் ஒன்றுபோல் கேட்கலாம். ஆனால் அந்த ஒரு லிட்டரில் இன்றைய பல அச்சு வண்டி நகர்த்தும் சரக்கு மிக அதிகம். எத்தனை டன் வைத்தாலும் இழுத்தது என்ற பெருமையைக் கேட்கும்போது மட்டும் எனக்கு வருத்தமாக இருக்கும். 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அதிகப் பாரத்துக்கு அபராதம் மட்டும் வாங்கிக்கொண்டு வண்டியை விடக்கூடாது, மிகுதியை இறக்கியாக வேண்டும் என்று சொல்லும் நிலைக்கு அந்தப் பழக்கம் போயிருந்தது. அதனால் பிரேக் தாங்காமல் மலையில் போன உயிர்கள் பல. நினைவுகளைச் சொல்ல இன்று நம்மிடையே இருப்பவர்கள் பிழைத்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

லேலண்ட் உயர்ந்ததா, டாடா உயர்ந்ததா என்ற பழைய வழக்கையும் கேட்பீர்கள். லேலண்ட் நிதானமாகச் சுழன்று அடிமட்ட வேகத்தில் விடாமல் இழுக்கும் என்பதும், டாடா ஓட்ட இலேசு, எங்கும் உதிரிபாகம் கிடைக்கும் என்பதும் இரு தரப்பும் ஓரளவு ஒப்புக்கொள்ளும் கருத்து. எனக்குத் தோன்றுவது, எண்ணூர் அருகில் இருந்ததால் தெற்கே லேலண்டுக்கு மெக்கானிக்கும் உதிரியும் மிகுதி. வடக்கே டாடாவுக்கு மிகுதி. நடுவழியில் கைவிடாத வண்டியைத்தான் ஓட்டுநர் கொண்டாடுவார். உங்கள் தந்தை தெற்கிலேயே அதிகம் ஓட்டியவராக இருந்தால் லேலண்ட் பாசத்துக்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

புதிய தலைமுறை ஓட்டுநர்களுக்குத் திறமை இல்லை என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. 49 டன் டிரெய்லரை நெரிசலான துறைமுகச் சாலையில் பின்னெடுத்து நிறுத்துவது எந்தக் காமெட் ஓட்டுநருக்கும் எளிதான வேலையன்று. வேறுபாடு, அந்தத் திறமை இன்று யார் கண்ணிலும் படுவதில்லை, யாரும் அதைப் பாராட்டுவதில்லை என்பதில்தான். அன்று நன்றாக ஓட்டுபவர் யார் என்பது கியர் ஓசையிலேயே ஊருக்குத் தெரிந்தது.

தந்தையை ஒரு பழைய வண்டியில் மறுபடியும் உட்காரவைக்க விரும்புவதாகவும் நீங்கள் எழுதியிருந்தீர்கள். நல்ல எண்ணம், முடியும். கட்டுமானப் பொருள், தண்ணீர் வண்டி என்று உள்ளூர் ஓட்டத்தில் பழைய 1210-களும் காமெட்களும் அங்கங்கே இன்னும் இருக்கின்றன. வண்டிக்குத் தகுதிச் சான்றும் காப்பீடும் நடப்பில் உள்ளனவா என்று பாருங்கள். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தந்தையின் கனரக உரிமம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது. அது காலாவதியாகியிருந்தால் பொதுச்சாலையில் அவர் ஓட்டக் கூடாது, உரிமையாளரின் அனுமதியோடு தனியார் களத்தில் ஓட்டலாம். பாரம் வேண்டாம். கிளப்புவதற்கு முன் பிரேக் எண்ணெயும் காற்றழுத்தமும் பார்த்து, சமதரையில் பத்தடி உருட்டி, பிரேக் பிடிக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். முட்டுக்கட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் கீழே நில்லுங்கள், ஆனால் வண்டிக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள். அவர் முழங்காலுக்குக் கிளட்ச் கனமாக இருந்தால் வற்புறுத்தாமல், வேறொருவரை ஓட்டச் சொல்லி அவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். எங்கே கியர் மாற்ற வேண்டும் என்பதை அவரே சொல்லுவார்.